16 லீற்றர் பற்றரி மருந்து மெஷின்: வயலுக்குள் இறக்கும் முன் பார்க்க வேண்டியவை

கல்முனையிலிருந்து செங்கலடி வரைக்கும் கமத்தொழில் சாமான் கடைகளில் இப்போது அதிகம் கண்ணில் படுவது, முதுகில் மாட்டிப் பயிருக்கு மருந்து அடிக்கும் 16 லீற்றர் பற்றரி மெஷின்கள்தான். கையால் நெம்பி அடித்த பழைய மெஷினோடு பார்த்தால் தோளுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் ஒரே அச்சில் வார்த்து வேறு வேறு ஸ்டிக்கர் ஒட்டி வரும் மலிவு ரகத்தில் டாங்கியும் பம்பும் பரவாயில்லை; கைபிடி, பற்றரி, அடியில் ஓடும் வயர் மூன்றிலும்தான் காசை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். பெட்டியைப் பிரித்த கையோடு மருந்து ஊற்றி அடிக்கிற சாமான் இது இல்லை.

முதலில் கெடுவது கைபிடி. விசையை அமர்த்தும்போது உள்ளே ஒரு சிறு கம்பி பின்னால் நகர்ந்து தண்ணீரைத் திறக்கிறது. அந்தக் கம்பியைச் சுற்றி இருக்கும் ரப்பர் வளையம் சாதாரண ரப்பர். பூச்சிநாசினிகள் பலவற்றில் இருக்கும் கரைப்பான் பட்டதும் அது ஊதி, பிறகு வெடிக்கிறது. விசையின் அடியில் ஒரு துளி தேங்கி, உருண்டு, மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு இறங்கும். இதைச் சின்னக் கசிவு என்று விட்டுவிடக் கூடாது. கலக்கிய நாசினி மணிக்கணக்காகத் தோலில் ஊறுகிறது. வாங்கும் அன்றே இரண்டு மூன்று மாற்று வளையங்கள் சேர்த்து வாங்குங்கள்; கரைப்பானைத் தாங்கும் வைட்டன் ரக வளையம் கிடைத்தால் அதையே போடுங்கள். பித்தளைக் கைபிடி தனியாகக் கிடைத்தால், பிளாஸ்டிக் கைபிடியைக் கழற்றி வைத்துவிட்டு அதை மாட்டுவதே புத்தி.

பற்றரி அடுத்தது. மேலே 12 வோல்ட், 8 அம்பியர் மணி என்று அச்சடித்திருக்கும். உண்மையான 8 அம்பியர் மணி ஈயப் பற்றரி இரண்டு கிலோவுக்கு மேல் நிறுக்கும். கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். ஒன்றரைக் கிலோ சொச்சம்தான் என்றால் உள்ளே ஈயம் குறைவு, எழுத்தை நம்ப வேண்டாம். இரவு முழுக்க சார்ஜ் போட்டு, கழற்றி, சில மணி நேரம் வைத்து அளந்தால் 12.7 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. பம்ப் ஓடும்போது 12-ஐச் சுற்றி நிற்க வேண்டும். ஓடத் தொடங்கியதுமே 11-க்குக் கீழே விழுகிற பற்றரியை அங்கேயே திருப்பிக் கொடுங்கள். பம்ப் 3 அம்பியர் இழுத்தால் நல்ல 8 அம்பியர் மணிப் பற்றரி இரண்டு மணி நேரத்துக்குக் கிட்டத் தாங்கும். பாதியில் மூச்சு வாங்கினால் கோளாறு அதில்தான்.

நல்ல பற்றரியைக் கொல்வது பெரும்பாலும் நாங்கள்தான். சிறுபோக வேலை முடிந்ததும் மெஷினை அப்படியே பத்தியில் சாத்தி வைத்து, பெரும்போகம் விதைத்த பிறகு தேடுகிறோம். வெறும் வயிற்றோடு கிடக்கும் ஈயப் பற்றரியின் தகட்டில் உப்புப் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பிடிக்காது. மாதம் ஒரு தடவை முழுதாக ஏற்றுங்கள். நாள்கணக்காகச் சார்ஜரில் விட்டுவிடவும் கூடாது, பற்றரி வீங்கும்.

இனிப் பம்ப். இந்த மெஷினைப் பற்றிய முறைப்பாடுகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது, குற்றம் பம்பில் இல்லாமலே. பம்ப் நிமிடத்துக்கு 3 லீற்றர் அளவில் தள்ளக் கூடியது. குழாய் முனையில் விசிறி போல விரித்து அடிக்கும் ஒற்றை நொசில் வெளியே விடுவது ஒரு லீற்றருக்கும் குறைவு. மிச்ச அமுக்கம் குழாயில் ஏற, பம்பின் தலையில் உள்ள அமுக்கச் சுவிட்ச் மோட்டரை நிறுத்தும். அமுக்கம் இறங்கினால் திரும்பப் போடும். அதுதான் கட்-கட்-கட் என்று கேட்கிற சத்தம். அப்படி வெட்டி வெட்டி அடித்தால் மருந்துத் தூறல் சீராக விழாது, சுவிட்சின் முனைகளும் நெருப்புப் பொறி பட்டுக் கருகும். கருகி ஒட்டிக்கொண்டால் விசையை விட்டாலும் மோட்டர் நிற்காது. குழாய் வீங்கி, இணைப்பில் பிய்த்துக்கொண்டு அடிக்கும். பரிகாரம் கையிலேயே இருக்கிறது: பக்கத்தில் உள்ள வேகக் குமிழை, மோட்டர் விட்டு விட்டு ஓடாமல் ஒரே சீராக ஓடும் இடம் வரைக்கும் குறையுங்கள். பற்றரியும் கூடுதல் நேரம் நிற்கும்.

விசையை விட்ட பிறகும் சில விநாடிக்கு ஒரு தடவை மோட்டர் துடித்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். மோட்டர் ஓடியும் தண்ணீர் ஏறவில்லை என்றால் பம்பைக் குறை சொல்லும் முன் டாங்கியின் அடியில் உள்ள வடிகட்டியையும் கைபிடிக்குள் இருக்கும் சின்ன வடிகட்டியையும் கழற்றிப் பாருங்கள். வாய்க்கால் தண்ணீரை அப்படியே அள்ளி ஊற்றினால் சேறு முதலில் அடைப்பது அவற்றைத்தான். அதன் பிறகும் ஏறாவிட்டால் பம்பின் வால்வில் மண் சிக்கியிருக்கும், அல்லது ரப்பர்ச் சவ்வு கிழிந்திருக்கும். நாலு திருகாணியைக் கழற்றிச் சவ்வை மாற்றலாம். முழுப் பம்ப் வாங்கத் தேவையில்லை.

அமுக்கம் குறைவதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டும் என்றால், மருந்தின் அளவே அதில்தான் தொங்குகிறது. நொசில் நிமிடத்துக்கு 0.8 லீற்றர் விடுகிறது, அடிக்கும் அகலம் ஒரு மீற்றர், நடை நிமிடத்துக்கு 40 மீற்றர் என்று வையுங்கள். ஒரு டாங்கி 20 நிமிடத்தில் 800 சதுர மீற்றரை முடிக்கும். ஏக்கருக்கு 5 டாங்கி. அந்தக் கணக்கில் புல்லெண்ணெயை (களைநாசினியை) ஐந்தாகப் பிரித்துக் கலந்திருப்பீர்கள். பற்றரி தளர்ந்து 0.6 லீற்றராக இறங்கினால் அதே நடையில் 4 டாங்கிக்குள் ஏக்கர் முடிந்துவிடும், மருந்தில் கால்பங்கு நிலத்துக்குப் போகவே இல்லை. புல் சாகாவிட்டால் மருந்தைத்தான் திட்டுவோம். நெல்லின் தண்டில் சாறு உறிஞ்சும் அறக்கொட்டிப் பூச்சிக்கு அடிக்கும்போது இன்னும் மோசம். பூச்சி இருப்பது பயிரின் அடியில், தளர்ந்த தூறல் மேல் இலையோடு நின்றுவிடும். ஆகவே வெறும் தண்ணீர் ஊற்றி, அளவுச் சாடிக்குள் ஒரு நிமிடம் அடித்து அளந்து எழுதி வையுங்கள். பற்றரி பாதி தீர்ந்த பிறகு திரும்ப அளந்து பாருங்கள். இரண்டுக்கும் இடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்தப் பற்றரியோடு வயலுக்குப் போக வேண்டாம்.

நொசில் அடைத்தால் பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். கம்பியால் குத்தினால் துளை பெருத்து அளவு கெட்டுவிடும். வாயால் ஊதவே கூடாது.

டாங்கி மூடியில் ரப்பர் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள், சில பெட்டிகளில் அதுவே இல்லை. மூடிய டாங்கியைத் தண்ணீரோடு சரித்து ஒரு நிமிடம் பிடித்தால் முதுகு நனையுமா என்பது தெரிந்துவிடும். தோள் வாரின் கொக்கி மெல்லியது. 16 லீற்றரும் பற்றரியும் சேர்ந்த பாரத்துக்கு வரம்பு தாண்டும்போது அவிழக் கூடியது. அடிமூடியைக் கழற்றி வயர் இணைப்புகளுக்குக் கிரீஸ் பூசுங்கள். கடற்கரையை அண்டிய ஊர்களில் சார்ஜ் குத்தும் துளை சீக்கிரம் பச்சை பிடிக்கும்.

உத்தரவாத அட்டையைக் கடைக்காரர் முன்னாலேயே வாசியுங்கள். பற்றரியும் ரப்பர்ச் சாமான்களும் அதில் சேராவிட்டால், கெடக் கூடிய எதற்கும் அந்த அட்டை உதவாது. விலையில் சின்ன வித்தியாசம் என்றால் சவ்வு, வளையம், கைபிடி, சுவிட்ச் நாலையும் உதிரியாக வைத்திருக்கும் கடையில் வாங்குங்கள், ஸ்டிக்கர் எதுவாக இருந்தாலும் சரி.