ரோம் பிரிசில்லா கல்லறைச் சுரங்கம்: மிருகம் இல்லாத கடைசிக்காலம்

ரோமுக்குப் போகிற நம்மாட்கள் வத்திக்கான், கொலோசியம், ஜெபமாலைக் கடை என்று ஒரே நாளில் முடித்துவிடுவார்கள். பாக்கேஜ்காரர்கள் அதற்கு மேல் நேரம் தருவதில்லை. என் மகள் மிலானில் வேலை பார்ப்பதால் எனக்கு நிதானமாகச் சுற்ற வாய்த்தது. டெர்மினி ஸ்டேஷன் பக்கமிருந்து 92-ஆம் நம்பர் பஸ் பிடித்து சலாரியா சாலையில் உள்ள பிரிசில்லா கல்லறைச் சுரங்கத்துக்குப் போனோம். ஆதிக் கிறிஸ்தவர்களைப் பூமிக்கடியில் அடக்கம் செய்த இடம். டிக்கெட் 10 யூரோ. பெனடிக்டைன் கன்னியாஸ்திரிகள் பார்த்துக்கொள்கிறார்கள். நம் இஷ்டத்துக்கு இறங்க முடியாது, குழுவாகத்தான், வழிகாட்டியோடுதான்.

உள்ளே சந்துகளின் மொத்த நீளம் 13 கிலோமீட்டர். அதில் ஒரு சிறு பகுதியைத்தான் காட்டுகிறார்கள். இரண்டாம் நூற்றாண்டு முதல் ஐந்தாம் நூற்றாண்டு வரை இங்கே அடக்கம் நடந்திருக்கிறது. இருபக்கமும் மென்மையான எரிமலைப் பாறையைக் குடைந்து, ஸ்லீப்பர் கோச் பெர்த் மாதிரி மேலும் கீழுமாகக் கல்லறைகள். சின்னஞ்சிறு குழிகளும் நிறைய, அவை பிள்ளைகளுக்கு.

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. சபையில் நான் ஞாயிறு பள்ளி ஆசிரியை. கடைசிக்கால உபதேசம், அதாவது உலக முடிவைப் பற்றிய பிரசங்கம் என்றால் எனக்குக் கன்வென்ஷன் கூட்டப் பந்தல்தான். ஸ்பீக்கர் அதிர 666, அந்திக்கிறிஸ்து, வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் ஏழு தலை மிருகம், முடிவில் “இன்று ராத்திரி இயேசு வந்தால் நீ கைவிடப்படுவாயா?” சிறு வயதில் அம்மா அடுக்களையில் சத்தமில்லாமல் இருந்தால்கூட, அவளை மட்டும் எடுத்துக்கொண்டு என்னை விட்டுவிட்டாரோ என்று ஓடிப்போய்ப் பார்ப்பேன்.

அந்தக் கண்ணோடுதான் கீழே இறங்கினேன். முக்காடிட்ட பெண்ணின் அறை என்று ஒன்று. நடுவில் ஒரு பெண் இரு கைகளையும் விரித்து ஜெபிக்கிறாள். கூரையில் ஆட்டைத் தோளில் சுமந்த மேய்ப்பன், சுற்றிலும் மயில்கள். ஒருபக்கம் மீனின் வாயிலிருந்து வெளியே வரும் யோனா. இன்னொருபக்கம் அக்கினிச் சூளையில் மூன்று வாலிபர். தலைக்கு மேலே கிளையோடு ஒரு புறா பறந்து வருகிறது. மகள் என் காதில், “ஏம்மா, உங்க ஏழு தலை மிருகத்தை எங்க காணும்?” என்றாள். “அடுத்த ரூம்ல இருக்கும், பேசாம வா” என்றேன்.

அடுத்தது கிரேக்கச் சிற்றாலயம் என்று அழைக்கப்படும் அறை. அங்கேயும் இல்லை. இருந்தது பந்தி. ஏழு பேர் மேசையில் உட்கார்ந்திருக்க, ஒருவர் அப்பத்தைப் பிட்கிறார். பக்கத்தில் கூடை கூடையாக அப்பம். அதே அறையில் நெருப்புக்குள் ஒரு ஃபீனிக்ஸ், எரிந்து மறுபடி உயிரோடு எழும் கதைப் பறவை. முதல் நூற்றாண்டின் கடைசியில் ரோமிலிருந்து கொரிந்து சபைக்கு எழுதப்பட்ட, ரோம் சபைத் தலைவர் கிளெமெந்தின் நிருபத்தில் உயிர்த்தெழுதலுக்குச் சாட்சியாக வரும் அதே பறவை. எனக்கு அந்த இடத்தைவிட்டு நகர மனசே வரவில்லை.

இங்கே அடக்கம் செய்த ரோம் சபையின் பெரியவர்கள் சிலர் உபத்திரவத்தில் செத்தவர்கள். உலகம் முடியப்போகிறது என்று நம்மைவிட அவர்கள்தான் நிஜமாக நம்பியவர்கள். ஆனாலும் நான் பார்த்த சுவர்களில் எரிகிற நரகம் இல்லை, எதிரியைப் பழிவாங்கும் படம் இல்லை. வரைந்ததெல்லாம் காப்பாற்றப்பட்டவர்களையும் சாப்பாட்டையும்தான். கி.பி. 50 வாக்கில் தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதினதும் இதே வகைதானே? இயேசுவின் வருகைக்கு முன்பே செத்துப்போனவர்கள் கதி என்ன என்று அந்தச் சபை கலங்கியது. அவர்கள்தான் முதலில் எழுந்திருப்பார்கள், இதைச் சொல்லி ஒருவரையொருவர் தேற்றுங்கள் என்கிறார். நாள் குறிக்கவில்லை. அதற்குச் சற்று முன்னால்தான் அமைதியாக இருந்து சொந்தக் கைகளால் வேலைசெய்யச் சொல்கிறார். நம் பந்தலில் எக்காளம் தொனிக்கும். இந்த வசனம் மட்டும் வராது.

இன்னொரு சங்கதி. நம் ஊர் பிலோமினாக்களின் பெயர் பரவியது இந்தச் சுரங்கத்திலிருந்துதான். 1802-இல் இங்கே ஒரு கல்லறையை மூடியிருந்த ஓடுகளில் சிவப்பு மையால் ‘பிலோமினா, உனக்குச் சமாதானம்’ என்று எழுதி, கூடவே நங்கூரம் வரைந்திருந்தது. எபிரெயரில் நம்பிக்கைக்குச் சொன்ன அதே ஆத்தும நங்கூரம். அந்த ஓடுகள் இப்போது நேப்பிள்ஸ் பக்கம் முஞ்ஞானோ ஊரில் இருப்பதால் இங்கே தேடாதீர்கள்.

மாதாவும் குழந்தையுமாக உள்ள ஓவியம்தான் எல்லாரும் தேடி வருவது. மாதா படங்களிலேயே மிகப் பழையது என்கிறார்கள். மங்கிப்போய்ச் சின்னதாக இருக்கிறது, வழிகாட்டி விளக்கடித்துக் காட்டினால்தான் பிடிபடும்.

போகிறவர்களுக்கு: திங்கட்கிழமை விடுமுறை. வெயில் காலமானாலும் ஒரு சால்வை வேண்டும். படி இறங்கி ஏற வேண்டும், சந்து குறுகல், அடைத்த இடம் ஆகாதவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். போட்டோ எடுக்க அனுமதியில்லை. ஒரே ஒரு கல்லறைச் சுரங்கத்துக்குத்தான் நேரம் என்றால், ஆப்பியா சாலையில் போப்புகளின் கல்லறை உள்ள கலிஸ்துவை விட்டுவிட்டு இங்கே வாருங்கள் என்பேன். ஐந்துக்கு ஐந்து.