கீழ்த்தாடை இம்ப்ளாண்டுக்கு எது: ஓபிஜியா, சிபிசிடியா?

கீழ்க் கடைவாயில் இம்ப்ளாண்ட் (இழந்த பல்லுக்குப் பதில் எலும்பில் பொருத்தும் திருகு) வைக்கும் முன் தெரிய வேண்டியது, எலும்பின் மேல்விளிம்பிலிருந்து அதனுள் ஓடும் நரம்புக் குழாய் வரை எத்தனை மி.மீ. என்பதுதான்.

ஓபிஜி என்ற முழுத்தாடை எக்ஸ்ரே எல்லாப் பற்களையும் ஒரே படத்தில், குறைந்த செலவில் காட்டிவிடும். ஆனால் படம் நிஜத்தைவிட 20–30 சதவீதம் வரை பெரிதாக விழும். படத்தில் 15 மி.மீ. என்றால் உள்ளே 12 மி.மீ.தான் இருக்கலாம், நரம்புக்கு மேல் 2 மி.மீ. விட்டால் 10 மி.மீ. இம்ப்ளாண்ட்தான் போகும். அளவு தெரிந்த எஃகுக் குண்டைப் பல் வரிசையில் பொருத்திப் படமெடுத்தால் உயரத்தைத் திருத்திக்கொள்ளலாம். அகலத்தை? முடியாது.

சிபிசிடி என்ற முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேனில் தாடையின் குறுக்குவெட்டே கிடைக்கும். நாக்குப் பக்கம் எலும்பு உள்வாங்கிய பள்ளம் அதில்தான் தெரியும். தெரியாமல் துளையிட்டால் டிரில் வெளியே போய் வாய்த்தளத்து ரத்தக்குழாயைக் கிழிக்கலாம். வீக்கம் நாக்கைத் தள்ளி மூச்சையே அடைக்கலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே இங்கே சிபிசிடிதான் சரி என்போம். ஒரு பல்லுக்கு 5×5 செ.மீ. பகுதி போதும், கதிர்வீச்சும் குறையும்.

குறையும் உண்டு. பக்கத்துப் பல்லில் உலோக கேப் இருந்தால் கருங்கோடுகள் விழும். படமெடுக்கும் பத்திருபது விநாடிக்குள் நோயாளி தலையை அசைத்தால் விளிம்புகள் இரட்டிக்கும். சொத்தை தேட இது வேண்டாம். கடித்துப் பிடித்து எடுக்கும் சின்ன பைட்விங் எக்ஸ்ரே படமே மேல்.