பக்கத்து வளவில் குற்றம் நடப்பதாகச் சந்தேகம்: 119-ஆ, பொலிஸ் நிலையமா, சங்கமா, மத்தியஸ்த சபையா?

கசிப்பு (கள்ளச் சாராயம்) காய்ச்சுவதாக, இரவில் டிப்பரில் கள்ள மணல் ஏற்றுவதாக, ஐஸ் போதைப்பொருள் கைமாறுவதாகச் சந்தேகம் வந்தால் இலங்கையின் வன்னிக் கிராமங்களில் ஆட்களை வாய் மூடவைப்பது ஒரே பயம்தான்: சொன்னது யார் என்று தெரிந்துவிடும். வழிகளை அந்தக் கண்ணால் ஒப்பிடுவதே சரி.

119 என்ற பொலிஸ் அவசரத் தொலைபேசி இலக்கம், சம்பவம் நடந்துகொண்டிருக்கும்போது மட்டும் பயன்படும். நேற்று நடந்ததற்கு அது இடமில்லை. கிராமம், வீதி, கிட்டவுள்ள கோயில் அல்லது மதகு, வாகன இலக்கம் ஆகியவற்றை முதல் மூச்சிலேயே சொல்லுங்கள். பெயர் சொல்லாமலும் பேசலாம். ஆனால் உங்கள் தொலைபேசி இலக்கம் பதிவாகும் என்று எண்ணிக்கொண்டே பேசுங்கள்.

பொலிஸ் நிலைய முறைப்பாட்டுக்குப் பெறுமதி கூட. பெயரும் கூடவே போகும். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவின்படி, வாய்மொழியாகச் சொன்னதை எழுதி உங்களுக்கு வாசித்துக்காட்டிய பின்பே கையொப்பம் வாங்க வேண்டும். கூடுதலாகப் பிழை வருவது இங்கேதான். விளங்காத மொழியில் எழுதியதில் கையொப்பம் வைத்தால், "சந்தேகப்படுகிறேன்" என்றது "கண்டேன்" என்று மாறியிருந்தாலும் தெரியாது. தமிழில் எழுதும்படி கேளுங்கள், அது உங்கள் உரிமை. மறுத்தால் மொழி உரிமை முறைப்பாட்டுக்கு 1956 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. முறைப்பாட்டு இலக்கமும் திகதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

மணலுக்கும் கசிப்புக்கும் கிராம அபிவிருத்திச் சங்கத்தையே முதலில் சொல்வேன். அது ஊர் முழுவதையும் பாதிக்கும் விடயம். ஒற்றை ஆளின் பெயர் முன்னுக்கு வரத் தேவையில்லை. தீர்மானத்தில் ஆளைக் குறிப்பிடாமல், "இந்தக் குறுக்குத் தெருவால் இரவு 11 மணிக்குப் பின் டிப்பர் ஓடுகிறது" என்று இடத்தையும் நேரத்தையும் மட்டும் எழுதுங்கள். சங்க முத்திரையோடு பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு அனுப்பி, பிரதேச செயலாளருக்கும் கிராம அலுவலருக்கும் பிரதி கொடுங்கள். குறை ஒன்றுண்டு: கூட்டத்தில் கதைத்தது அன்று இரவே உரியவர் காதுக்குப் போகும், கோடா (கசிப்புக்கு ஊறவைக்கும் கலவை) பரலும் பற்றைக்குள் இடம் மாறும். ஆகவே உடனடிச் சுற்றிவளைப்பு வேண்டிய விடயத்தைக் கூட்டத்தில் எடுக்க வேண்டாம். சங்கத்துக்குச் சோதனை போடவோ ஆளைப் பிடித்து விசாரிக்கவோ அதிகாரமில்லை. இளைஞர்கள் கூடி வளவுக்குள் இறங்கினால் அத்துமீறல் வழக்கு அவர்கள் மேல்தான் வரும்.

பிணக்குகளை இரு தரப்பையும் இருத்திப் பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபை (1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டம்) எல்லைவேலி, பயிருக்குள் மாடு, வாய்த்தர்க்கம் போன்றவற்றுக்கு நல்லது. போதைப்பொருள் விற்பவரோடு ஒரே மேசையில் போய் இருப்பதற்கல்ல.

பிள்ளைக்கு வதை நடப்பதாகச் சந்தேகமென்றால் இந்த ஒப்பீடே வேண்டாம்: 1929 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். பெண்ணுக்கென்றால் 1938 என்ற இலக்கம். அதைச் சங்கத்தில் வைத்துச் "சமாதானம்" பேசுவது அந்தப் பிள்ளையை மறுபடி அதே வீட்டுக்குள் தள்ளிக் கதவைப் பூட்டுவதுதான்.

எந்த வழியானாலும் ஒரு கொப்பியில் திகதி, நேரம், வாகன இலக்கம், கண்ணால் கண்டது, பிறர் சொல்லிக் கேட்டது என்று பிரித்து எழுதி வையுங்கள். வேலிக்கு மேலால் படம் எடுப்பதும் முகநூலில் போடுவதும் எதிராளியை உசார்ப்படுத்தும். மிரட்டல் வந்தால் குறுஞ்செய்தியை அழிக்காமல் வைத்து, தனி முறைப்பாடாகவே பதியுங்கள். 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சாட்சிகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி சாட்சியை மிரட்டுவதே தனிக் குற்றம்.