வரியில்லாக் கணக்கில் எதை வைப்பது: டாப் 40-ஆ, உலக நிதியா?

பிப்ரவரி பிறந்தால் டர்பனில் நம்மவர்கள் கூடும் இடமெல்லாம் இந்தப் பேச்சுதான்: வரியில்லாச் சேமிப்புக் கணக்குக்கு இந்த வருடம் எந்த ஈடிஎஃப் (பல பங்குகளை ஒன்றாகக் கட்டி, சந்தையில் ஒரே பங்கு போல வாங்கும் நிதி)? மாதக் கடைசியோடு வரி ஆண்டு முடிகிறது. பயன்படுத்தாமல் விட்ட ஆண்டு வரம்பு அடுத்த ஆண்டுக்கு வராது. வாழ்நாள் முழுக்க 5 லட்சம் ராண்ட்தான் போடலாம். வெளியே எடுத்ததைத் திரும்பப் போட்டால் அதுவும் புதுப் பணமாகவே எண்ணப்படும். வரம்பு மீறினால், மீறிய தொகையில் 40 சதவீதம் வரித்துறைக்கு.

பலருடைய பட்டியலிலும் கடைசியில் நிற்பவை இரண்டு. ஒன்று சாட்ரிக்ஸ் 40. 2000-இல் வந்தது, இந்த நாட்டின் முதல் ஈடிஎஃப், ஜோஹன்னஸ்பர்க் சந்தையின் 40 பெரிய கம்பெனிகள், அதாவது ‘டாப் 40’, அதில் உண்டு. மற்றது எம்எஸ்சிஐ வேர்ல்ட் என்ற உலகப் பங்குக் குறியீட்டைப் பின்பற்றும் ‘உலக நிதி’: 23 வளர்ந்த நாடுகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குகள். இதையும் ராண்டிலேயே இங்கேயே வாங்கலாம்.

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். டாப் 40-இல் பெரிய இடம் பிடித்திருக்கும் நாஸ்பர்ஸ், ப்ரோசஸ் இரண்டின் மதிப்பும் பெருமளவு சீனாவின் இணைய நிறுவனமான டென்சென்ட்டைச் சார்ந்தது. சுரங்கக் கம்பெனிகள் விற்பதோ டாலர் விலையில். ‘உலக’ நிதியிலும் சுமார் 70 சதவீதம் அமெரிக்காதான். இந்தியா, சீனா, நாம் வாழும் தென்னாப்பிரிக்கா எதுவும் கிடையாது.

வரியில் டாப் 40 ஒரு படி மேல். வழக்கமாக ஈவுத்தொகையில் போகும் 20 சதவீதம் இந்தக் கணக்கில் பிடிக்கப்படாது. உலக நிதியிலோ அமெரிக்க ஈவுத்தொகையில் 15 சதவீதத்தை அங்கேயே கழித்துக்கொண்டுதான் அனுப்புவார்கள். நம் அரசு தரும் விலக்கு அதைத் தொடாது. கட்டணமும் டாப் 40-இல்தான் குறைவு.

இருந்தும் என் ஓட்டு உலக நிதிக்கே. காரணம் உங்கள் ஓய்வூதிய நிதி. ஓய்வூதிய நிதிகளுக்கான 28-ஆம் ஒழுங்குவிதிப்படி அது 45 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டில் போட முடியாது. அதாவது பாதிக்கு மேல் ஏற்கெனவே இங்கேதான் கிடக்கிறது. வீடு இங்கே, சம்பளம் ராண்டில். இதையும் கொண்டுபோய் அதே கூடையில் வைப்பானேன்? 2025-இல் தங்கச் சுரங்கப் பங்குகள் ஏறி டாப் 40 உலக நிதியைத் தூக்கிச் சாப்பிட்டது உண்மை. ஆனால் ஓராண்டு ஓட்டத்தைப் பார்த்து முப்பதாண்டுக் கணக்கை முடிவு செய்ய முடியாது.

சரி, யாருடைய உலக நிதி? சாட்ரிக்ஸா, சிக்னியா ஐட்ரிக்ஸா? குறியீடு ஒன்றுதான். சாட்ரிக்ஸ் ஈவுத்தொகையைக் கையில் தராமல் உள்ளேயே முதலீடு செய்துவிடும். சிக்னியா கணக்கில் பணமாகப் போடும். அதை வைத்து அந்தக் கணக்குக்குள்ளேயே மறுபடி யூனிட் வாங்கினால் ஆண்டு வரம்பில் சேராது. ஆனால் நீங்கள்தான் நினைவு வைத்து வாங்க வேண்டும். சில நூறு ராண்ட் மாதக்கணக்கில் சும்மா கிடப்பதை நிறைய பேர் கவனிப்பதே இல்லை. வேலையில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு சாட்ரிக்ஸ் போதும். வருமானம் கையில் வேண்டும் என்கிற பெரியம்மாவுக்கு சிக்னியா பொருந்தும். வாங்கும் முன் இருவருடைய மாதாந்திர விவரத் தாளிலும் மொத்தச் செலவு விகிதத்தை (நிதியை நடத்த ஆண்டுக்கு ஆகும் செலவு, சதவீதத்தில்) பார்த்துவிடுங்கள்.

இந்தியாவுக்கென்றும் தனி ஈடிஎஃப் உண்டு. ஊர்ப்பாசத்தில் கொஞ்சம் வாங்கலாம், அதுவே முதல் இருப்பாக வேண்டாம். தங்கத்தைத் தொடரும் நியூகோல்ட் வாங்க ஆசைப்படும் அக்காமாருக்கு: அதை இந்தக் கணக்கில் வைக்க அனுமதியில்லை, சாதாரணக் கணக்கில்தான்.

அப்புறம், உலக நிதியைக் காலை 9 மணிக்குச் சந்தை திறந்ததும் வாங்காதீர்கள். அப்போது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி அதிகமாக இருக்கலாம். நியூயார்க் திறப்பது நம் நேரம் மாலை 3.30-க்கு, அங்கே குளிர்காலமானால் 4.30-க்கு. அதன் பிறகு, 5 மணிக்குள், லிமிட் ஆர்டர் (இந்த விலைக்கு மேல் வேண்டாம் என்று நீங்களே வரம்பு சொல்லும் ஆர்டர்) போட்டு வாங்குங்கள்.