அம்மாயி மோதிரத்துக் கெம்பு: சாணை புடிக்கறதா, மாத்தறதா, திருப்பி வைக்கறதா?

மாவாட்டறப்ப மோதிரத்தக் கழட்டி வைடினு அம்மாயி எத்தனயோ தடவ சொல்லிருக்கு, நான் கேக்கல. போன ஐப்பசில கிரைண்டர் குழவியத் தூக்கி வைக்கறப்ப ணங்குனு ஒரு சத்தம், பாத்தா கெம்பு ஓரத்துல குருணை அளவுக்கு ஒரு சில்லு காணோம். அதே கல்லு மேல் முகத்துல ஏற்கனவே ஒரு சின்ன வெட்டு உண்டு, ஆனா அது அம்மாயி பண்ணது. ஏற்காட்டுல காப்பிப் பழத்தோட தோல உரிக்கற பல்பர் மெஷின்ல சிக்குன பழத்தக் கைய விட்டு எடுக்கறப்ப இரும்புல பட்டதாம், அந்தக் கதய மட்டும் நூறு தடவ கேட்ருப்பேன்.

வீட்ல ஆளுக்கொரு யோசன. உடஞ்ச கல்லு வீட்டுக்கு ஆகாது, புதுசு மாத்திருன்னு பெரியம்மா. மொத்தமா கடைல போட்டுட்டு வேற எடுத்துக்கன்னு தம்பி. எனக்குன்னா சாணை புடிச்சு பழயபடி ஆக்கிடணும்னு ஆச, ஏன்னா உடச்சது நானு.

கல்லோட கடினத்தச் சொல்ற மோஸ் அளவுல கெம்பு 9, வைரத்துக்கு அடுத்தபடிங்கறாங்க, அப்பறம் எப்படி உடயும்னு தோணும். கீறல் விழாதுங்கறது வேற, அடி தாங்கும்ங்கறது வேற. ஓரம் மெல்லிசா இருக்கற எடத்துல சரியான கோணத்துல பட்டா வைரமே சில்லு போகும். (கெம்பு, நீலம் எல்லாம் குருந்தம்ங்கற ஒரே கனிமம்தான், இங்கிலீஷ்காரன் கொரண்டம்னு சொல்றதே நம்ம குருந்தத்துல இருந்து போனது. பழய சேலம் ஜில்லாவுல இருந்த சித்தம்பூண்டிப் பாறைல கூட குருந்தம் கெடைக்குது, அந்த ஊர்ப் பாறைய அரச்சுத்தான் சந்திரயான் 2 சோதனைக்கு நெலா மண்ணு மாதிரி செஞ்சாங்க.)

எத செய்யறதுன்னு யோசிக்கறதுக்கு முன்னாடி கல்லு என்ன கல்லுன்னு தெரியணும், இதத்தான் எல்லாரும் விட்டுடறாங்க. சேலம் செவ்வாப்பேட்டைல வெள்ளிக் கொலுசு வேல பாக்கறவங்கதான் ஜாஸ்தி, கல்லு வேல தெரிஞ்ச பத்தரத் தேடித்தான் புடிச்சேன். பத்து மடங்கு லென்ஸ்ல ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "கண்ணு, ஒருவாட்டி லேப்ல காட்டிரு"ன்னாரு. சென்னைக்கு அனுப்பினதுல விஷயம் தெரிஞ்சுது: பர்மா கெம்புன்னு மூணு தலமுறயா சொல்லிட்டிருந்தது செயற்கைக் கல்லு. உள்ள இசைத்தட்டுல இருக்கற மாதிரி வளஞ்ச வளஞ்ச கோடு, மண்ணுல வெளஞ்ச கல்லுல கோடு நேராத்தான் ஓடும். வெர்னாய்ங்கற பிரெஞ்சுக்காரரு 1902ல வெளியிட்ட முறை அது, அலுமினா பொடிய நெருப்புல உருக்கிச் சொட்டுச் சொட்டா வளக்கறது. அலுமினியம் ஆக்சைடு, செவப்புக்குக் கொஞ்சம் குரோமியம், கடினம் எல்லாமே அசல் மாதிரியேதான். அதனால பாட்டி காலத்து நகன்னா அசல்தான்னு நெனச்சிராதீங்க. பெரியம்மா இன்னும் நம்பல, லேப்காரன் கல்ல மாத்திட்டான்ங்குது.

சரி, இப்ப ஒவ்வொண்ணா.

சாணை புடிச்சு மறுபடி வெட்டறது. சில்லு போற வரைக்கும் சுத்தியும் தேய்க்கணும், கல்லு சிறுசாயிடும். ஒரு கேரட்டுங்கறது 200 மில்லிகிராம், என் கல்லு ஒண்ணே முக்கா கேரட், ஒண்ணேகாலுக்கு வந்துரும்னாரு பத்தர். அப்ப கல்லு உக்கார்ற கூடு லூசாகும், அதயும் மாத்தணும். அசல் கெம்பா இருந்தா இன்னும் யோசிக்கணும், பெரிய கல்லுக்கு கேரட் விலயே ஒசத்தி, ஒரு கேரட் வரம்புக்குக் கீழ எறங்குனா எடையோட வெலயும் சேந்து எறங்கும், உள்ள விரிசல் இருந்தா சாணைல வச்சதும் ரெண்டாவும் போகலாம். ஆனா நான் வேண்டாம்னதுக்குக் காரணம் காசு இல்ல. மேல் முகத்தத் தேச்சா என் சில்லோட அம்மாயி வெட்டும் போயிரும்.

கண்ணாடி ஊத்தி விரிசல் அடைக்கறதும் ஒண்ணு உண்டு, ஈயம் கலந்த கண்ணாடி. மார்க்கெட்ல மலிவாக் கெடைக்கற பளபள கெம்புல நெறய இப்படித்தான். பத்தர் நகைய ஒட்ட வைக்க நெருப்பு ஊதுற சூட்டுக்கும் தாங்காது, ஆசிடுக்கும் தாங்காது, எலுமிச்சஞ்சாறு பட்டாலே அரிக்கும், நம்ம வீட்ல எலுமிச்சம்பழம் புழியாத வாரம் எது? இது வேண்டவே வேண்டாம். (மரகதத்துக்கு எண்ணெ ஊத்தறது வேற கத, அது காலகாலமா நடக்கறது, எண்ணெ காஞ்சா மறுபடி போட்டுக்கலாம், ஆனா நக கழுவற அல்ட்ராசோனிக் மெஷின்ல மட்டும் போட்டுராதீங்க.)

புதுக்கல்லு மாத்தறது தான் லேசு. செயற்கைக் கெம்பு கல்லுக்கடைல சில நூறு ரூபாய்க்கே கெடைக்கும், பழச விட சுத்தமாவே இருக்கும். மோதிரம்தான் முக்கியம், கல்லு சும்மா அழகுக்குன்னா இதயே பண்ணுங்க, தப்பே இல்ல. எனக்கு அப்படி இல்ல. தம்பி சொன்ன மாதிரி கடைல போட்டா கல்லு எடையக் கழிச்சுட்டு தங்கத்துக்கு மட்டும்தான் காசு, அதப் பத்திப் பேச ஒண்ணுமில்ல.

கடசியா பத்தரே சொன்ன வழி, கல்லக் கழட்டித் திருப்பி வைக்கறது. என்னோடது வட்டக் கல்லு, அதனால எப்படி வேணாலும் திருப்பலாம், முட்ட வடிவமா இருந்தா இந்த வேல நடக்காது. புடிச்சிருக்கற நாலு கொக்கில ஒண்ணுக்கு அடில சில்லு வர்ற மாதிரி வச்சு மெதுவா அமுக்கறது. சில்லு பெருசா இருந்தா கொக்கி புடிக்காது, அப்ப சுத்தியும் தகடு மடிச்ச கூடு கட்டணும், அதுக்குப் பொடி வச்சு நெருப்பு ஊதி ஒட்டணும், அந்த நேரம் கல்லு மோதிரத்துல இருக்கவே கூடாது, ஒட்டறதுக்குப் போடற வெங்காரம் பட்டு சூடேறுனா கெம்பு மொகமே அரிச்சுப் போயிரும், சூட்டோட தண்ணில போட்டா விரிசல். யாருகிட்டக் குடுத்தாலும் கல்லக் கழட்டிட்டுத்தான் ஊதுவீங்களான்னு ஒரு வார்த்த கேட்டுக்கங்க.

எனக்கு ஊதற வேலயே வரல. அர மணி நேரம் பக்கத்துலயே உக்காந்து பாத்தேன், 300 ரூபா வாங்கினாரு. என் சில்லு கொக்கிக்கு அடில போயிருச்சு, அம்மாயி வெட்டு நடுவுல அப்படியே தெரியுது. மாவாட்டறப்ப இப்ப கழட்டி சாமி படத்துக்கிட்ட வச்சர்றேன்.