பழைய சொகுசு கார் வைத்திருப்போர் கவனத்திற்கு: ஹெட்லைட் சென்சாரைக் கட்டிவைத்து ஏமாற்றுகிறார்கள்

கோவையில் பழைய வெளிநாட்டுக் கார்களை மட்டுமே பழுதுபார்ப்பதாகச் சொல்லும் ஒரு பட்டறையில் எனக்கு நேர்ந்ததை, அதே வகைக் கார் வைத்திருப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் அறிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். என்னுடையது ஜெனான் ஹெட்லைட் (இழைக்குப் பதில் வாயுவில் மின்சாரம் பாய்ந்து ஒளிரும் விளக்கு) பொருத்திய 2008ஆம் ஆண்டு ஜெர்மன் செடான்.

ஐப்பசி மழையில் ஒருநாள் டேஷ்போர்டில் ஹெட்லைட் மட்டம் குறித்த எச்சரிக்கை தோன்றியது. அன்றிரவு முதல் வெளிச்சம் பம்பருக்கு முன்னால் சில அடிகளுக்குள்ளேயே விழுந்தது. பட்டறையில், காரின் கம்ப்யூட்டரிலிருந்து பழுதைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு ஹெட்லைட்டுகளிலும் வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் மோட்டார் போய்விட்டது, முழு செட்டையும் மாற்ற வேண்டும் என்றார்கள். 78,000 ரூபாய் கொடுத்தேன். எச்சரிக்கை மறைந்தது, வெளிச்சமும் தூரம் எட்டியது, நானும் நம்பிவிட்டேன்.

தை மாதத்தில், பின் இருக்கையில் மூவரும் டிக்கி நிறையச் சாமான்களுமாக இரவில் மதுரைக்குப் புறப்பட்டோம். டிம்மில்தான் ஓட்டினேன். ஆனாலும் எதிரே வந்த லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக விளக்கடித்தன. தாராபுரம் தாண்டி, நடுத்தடுப்பு இல்லாத இடத்தில், பைக்கில் மனைவியையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு வந்த ஒருவர் கையால் கண்ணை மறைத்தபடி சாலையோர மண்ணில் இறங்கி நின்றுவிட்டார். அவர் தடுமாறி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு இன்றுவரை என்னை விடவில்லை.

சாதாரண எச்7 ஹாலோஜன் பல்பு சுமார் 1,500 லூமென் (ஒளியை அளக்கும் அலகு) வெளிச்சம் தருகிறது. 35 வாட் ஜெனான் பல்பு 3,200 லூமென் வரை தருகிறது. அதனால்தான் 2,000 லூமெனைத் தாண்டும் டிம் விளக்குகளுக்குத் தானியங்கி மட்டச் சீரமைப்பு கட்டாயம் என்று ஐ.நா.வின் 48ஆம் எண் வாகன விதி சொல்கிறது. முன்னும் பின்னும், சக்கரத்தோடு ஏறி இறங்கும் சஸ்பென்ஷன் ஆர்மோடு ஒரு சிறு இணைப்புக் கம்பியால் பிணைக்கப்பட்ட சென்சார்கள் வண்டியின் உயரத்தை அளக்கின்றன. பின்பாரம் ஏறி மூக்கு தூக்கினால், ஹெட்லைட்டுக்குள் உள்ள மோட்டார் வெளிச்சத்தைத் தாழ்த்துகிறது. மழைநீரும் சேறும் வேகத்தடைகளும் முதலில் பதம்பார்ப்பது வண்டிக்கு அடியில் தொங்கும் இந்தச் சென்சாரையும் அதன் கம்பியையும்தான். சென்சாரிலிருந்து சரியான தகவல் வராவிட்டால், எதிரே வருபவரின் கண் கூசக் கூடாது என்பதற்காகப் பல கார்களில் விளக்கு தாழ்ந்த நிலைக்கே போய்விடும். எனக்கு முதலில் நேர்ந்தது அதுதான்.

திருப்பூரில் வேறொரு மெக்கானிக் வண்டியைத் தூக்கிக் காட்டியபோதுதான் உண்மை தெரிந்தது. பின்பக்கச் சென்சாரின் இணைப்புக் கம்பி ஒடிந்திருந்தது. சென்சாரின் கையை ஒரே நிலையில் அசையாதபடி பிளாஸ்டிக் டேக்கால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். வண்டி எப்போதும் ஒரே உயரத்தில் நிற்பதாகக் கம்ப்யூட்டர் நம்பியதால் எச்சரிக்கை அணைந்துவிட்டது. கட்டிய கோணம் தவறியதால் தாழ்ந்துபோன வெளிச்சத்தை, ஹெட்லைட்டின் பின்னுள்ள திருகைத் திருகி மேலே ஏற்றியிருக்கிறார்கள். சென்சாரை மட்டும் மாற்றியிருந்தால் வெளிச்சம் மரக்கிளையைத்தான் காட்டியிருக்கும் என்றார் அவர். புதிய சென்சார், சமதளத்தில் வெற்று வண்டியை நிறுத்தி ஸ்கேனரில் செய்த மட்டப் பதிவு, திருகுச் சீரமைப்பு எல்லாம் சேர்த்து 9,500 ரூபாய்தான் ஆனது.

இத்தகைய காரை வாங்குமுன் இரவில் சுவரைப் பார்த்து நிறுத்தி விளக்கைப் போடுங்கள். பல மாடல்களில் வெளிச்சக் கோடு, அதாவது சுவரில் விழும் வெளிச்சத்தின் மேல் விளிம்பு, ஒருமுறை இறங்கி ஏறும். பிறகு எஞ்சின் ஓடும்போதே டிக்கியில் இருவரை உட்கார வைத்தால், உயர்ந்த கோடு சற்று நேரத்தில் தானாகத் தாழ வேண்டும். ஹெட்லைட் கூட்டின் மேல் 1.0% என்று அச்சிட்டிருந்தால், 10 மீட்டர் தூரத்தில் அந்தக் கோடு விளக்கின் உயரத்தைவிட 10 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். முழு ஹெட்லைட்டையும் மாற்றச் சொன்னால், வண்டியைத் தூக்கி இரண்டு சென்சார்களின் கைகளும் தடையின்றி அசைகின்றனவா என்று உங்கள் கண்ணால் பார்த்த பிறகே சம்மதியுங்கள்.

டேக்கின் புகைப்படத்தோடு நான் திரும்பிப் போனபோது, அது முந்தைய உரிமையாளர் செய்த வேலையாக இருக்கும் என்றார்கள். கழற்றிய பழைய ஹெட்லைட்டுகளைக் கேட்டேன். எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொல்லிவிட்டார்கள். கழற்றும் பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று வேலை தொடங்குமுன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், நான் வாங்கவில்லை.