பிரேக் மிதிக்காத காரும் மண்டபத்து உப்புக் காற்றும்

கீழக்கரையிலிருந்து நண்பன் போன வாரம் போன் பண்ணினான். "மாப்ள, ரெண்டு வருஷமா கரண்டு கார் ஓட்டுற. வாங்கலாமா, வேணாமா? ஒரே வார்த்தையில சொல்லு." அவன் கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலையில்தான் பின்பக்க பிரேக் டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றுகிற இரும்புத் தட்டு) இரண்டையும் மாற்றி, பில் கட்டிவிட்டு வந்திருந்தேன். ஒரு வார்த்தையில் அடங்காது என்பதால் எழுதுகிறேன்.

ரேஞ்ச் (ஒரு சார்ஜில் ஓடும் தூரம்), பேட்டரி, விலை எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. வீடு ராமேஸ்வரம் போகிற வழியில் இருக்கிற கடலோர ஊரான மண்டபம், வேலை ராமநாதபுரம். போக வர 70 கிலோமீட்டருக்கு மேல். இதுவரை 46,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ராத்திரி வீட்டு 15 ஆம்பியர் பிளக்கில் போட்டால் விடிவதற்குள் ஏறிவிடும். மோட்டாரும் பேட்டரியும் ஒரு நாள்கூட மக்கர் செய்ததில்லை. அரிச்சல்முனையில் உச்சி வெயிலில் வண்டியை நிறுத்தி, சத்தமும் புகையும் இல்லாமல் ஏசியைப் போட்டுப் பிள்ளைகளைத் தூங்க வைத்திருக்கிறேன்.

அப்புறம் பிரேக். பொங்கல் லீவில் தங்கச்சிமடத்தில் மாமியார் வீட்டு வாசலில் நான்கு நாள் கார் நின்றது. ஹேண்ட் பிரேக் போட்டிருந்தேன். ஐந்தாம் நாள் எடுத்தால் நகரவில்லை. கொஞ்சம் அழுத்தியதும் பின்னால் டமார் என்று ஒரு சத்தம். மாமியார் பதறிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். குனிந்து பார்த்தேன். டிஸ்க் முழுக்கச் செங்கல் நிறத்தில் துரு. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பேட் ஒட்டியிருந்த இடம் மட்டும் பேடின் அச்சாகவே கறுத்திருந்தது. விரலால் தேய்த்தால் செம்மண் மாதிரி கையோடு வந்தது. அன்றிலிருந்து தினமும் காலையில் முதல் நாலைந்து பிரேக்குக்கு சரக் சரக் என்று அரைக்கும்.

கடலோரத்தில் எந்தக் காரின் டிஸ்க்கும் துருப்பிடிக்கும். பெட்ரோல் காரில் நிமிஷத்துக்கு ஒரு தடவை மிதிக்கிறோம், பேட் உரசி உரசித் துருவை வழித்துவிடும். இதில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வண்டியின் வேகத்தைக் கரண்டாக்கி பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. இந்த ரீஜென்தான் எனக்கு இந்தக் காரில் ரொம்பப் பிடித்தது. பாம்பன் பாலத்து உச்சியிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்கினால், வண்டி தானாக நிதானத்துக்கு வரும், மீட்டரில் பச்சைக் கோடு நீளும். பிரேக்குக்கு வேலை இருக்காது. வேலையில்லாமல் கிடக்கிற இரும்பை நம் ஊர்க் காற்று விட்டு வைக்குமா?

ராமநாதபுரத்தில் தெரிந்த மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றினார். பேடை டிஸ்க்கோடு அழுத்துகிற காலிப்பரின் பின் (ஆணி) இறுகி, கிரீஸ் காய்ந்து, ஓரமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. "அண்ணே, பேடு பாதிகூடத் தேயல. டிஸ்க்குதான் போச்சு. நீங்க பிரேக்கே மிதிக்கலண்ணே" என்றார்.

சர்வீஸ் சென்டரில் அது தேய்மானப் பொருளாம், வாரண்டி கிடையாதாம். "கடலோரத்துல இருக்கீங்கல்ல சார்" என்று வேறு சொன்னார்கள். எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். தேயாமலே போன ஒன்றைத் தேய்மானம் என்று எப்படி ஒப்புக்கொள்வது? விற்கும்போது மண்டபம் முகவரியை எழுதி வாங்கியவர்களுக்கு, இந்த ஒரு விஷயத்தைச் சொல்ல அரை நிமிஷம் போதுமே. கோயம்புத்தூரில் ஓடுகிற காருக்கும் மண்டபத்தில் ஓடுகிற காருக்கும் ஒரே சர்வீஸ் அட்டவணை என்பது சரியே இல்லை.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் பழைய பெட்ரோல் காரில் சைலன்சர் இரண்டு தடவை துருப்பிடித்து அறுந்து விழுந்தது. இதில் சைலன்சரே இல்லை.

இப்போது வீட்டுக்கு வருகிற கடைசி இரண்டு கிலோமீட்டரில் ரீஜெனைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டு, பின்னால் வண்டி வராதபோது நன்றாக அழுத்தி பிரேக் பிடிக்கிறேன். சமதரையில் இரண்டு நாளுக்கு மேல் நின்றால் ஹேண்ட் பிரேக் போடாமல், பார்க்கிங் கியரில் வைத்துச் சக்கரத்துக்குக் கல் கொடுக்கிறேன். சக்கரத்தை நல்ல தண்ணீரில் கழுவச் சொன்னார் மெக்கானிக். நம் ஊரில் அது லேசா? போர் தண்ணீர் கரிக்கிறது, அதில் கழுவினால் உப்பை நாமே கொண்டுபோய்ப் பூசுகிற மாதிரி. காவிரித் தண்ணீர் வருகிற நாளில் ஒரு குடம் எடுத்தேன். அம்மா குடத்தைப் பிடித்துக்கொண்டார். "குடிக்கிற தண்ணியப்பா இது" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. மழைத் தண்ணீர் பிடித்து வைத்துக் கழுவிக்கொண்டிருக்கிறேன், அது இருக்கிறவரை.

செப்டம்பர் 2025-ல் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது, மின்சாரக் காருக்குப் பழைய 5 சதவீதம்தான். விலை வித்தியாசம் கூடிவிட்டது என்கிறான் நண்பன். அவன் வீட்டு மாடியில் நின்றால் கடல் தெரியும். வாரத்துக்கு இரண்டு நாள்தான் வண்டியை எடுப்பான். மாப்ள, உனக்கு வேண்டாம், பெட்ரோலே எடு. கரண்டு கார் உன்கிட்ட நின்றே துருப்பிடிக்கும்.

என்னுடையதை விற்கிறாயா என்று கேட்டாய். விற்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை அம்மாவை ராமேஸ்வரம் கூட்டிப்போகிறேன், பாலத்து இறக்கத்தில் அந்தப் பச்சைக் கோட்டை அவர் பார்க்க வேண்டும்.